தொங்கும் கதவுகள்

சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஆவடியைக் கடந்து செல்லும் பழைய லாரிகளைச் சற்று நின்று கவனித்தால், பலவற்றின் ஓட்டுநர் பக்கக் கதவு நேராக அமர்ந்திராது. பின்விளிம்பு ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். சிலவற்றில் கதவின் கைப்பிடியை இருக்கையின் காலோடு ஒரு நைலான் கயிறு பிணைத்திருக்கும். கேட்டால், "கதவுதானே, வண்டி ஓடுகிறதல்லவா?" என்பார்கள். இந்தப் பதிலோடு நமக்கு உடன்பாடில்லை.

குற்றம் கதவுடையதன்று, கீலுடையது. கீலின் இரு இதழ்களையும் கோத்து நிற்கும் எஃகு முளையைப் பட்டறைகளில் 'பின்' என்பர். அம்முளை சுழலும் மெல்லிய உருளைக்குப் பெயர் 'புஷ்'. புஷ்ஷை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில், பெரும்பாலும் பித்தளையிலோ கன்மெட்டலிலோ செய்கிறார்கள். தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொண்டு முளையைக் காப்பதே அதன் வேலை. உரிய காலத்தில் மாற்றினால் செலவு அற்பம். மாற்றாவிட்டால் தேய்மானம் முளைக்குப் போகும், பிறகு கீலின் துளைக்கு, கடைசியில் கதவைத் தாங்கும் தூணுக்கே. துளை முட்டை வடிவம் கொண்டபின் புதுப் புஷ்ஷும் அதில் நில்லாது.

கண்டறிவது எளிது. கதவைப் பாதி திறந்து, பூட்டுள்ள விளிம்பை இரு கைகளாலும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கீலின் இதழ்களுக்கிடையே ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. கீல் முழுவதுமாகத் தூணோடு சேர்ந்து ஆடினால் நோய் ஆழத்தில் இருக்கிறது. ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? கதவு பூட்டுக்கு நேராக வரவில்லை என்று, தூணில் உள்ள பூட்டுக் கொக்கியைக் கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். (அளவுகோலைத் திருத்திப் பிழையைச் சரியாக்கும் இக்கலை லாரிகளுக்கு மட்டும் உரியதன்று.)

ஆவடியின் கிளைச்சாலையொன்றில் இருக்கும் சிறு பட்டறையில் இவ்வேலை முறையாக நடப்பதை ஒருநாள் முழுவதும் பார்த்திருந்தோம். முதியவர் ஒருவர் கதவின் அடியில் ஜாக்கி வைத்து, அதன்மேல் பலகையிட்டு, கதவின் பாரத்தை அதற்கு மாற்றினார். மேல் கீலை மட்டும் கழற்றினார். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் கதவு தன் இடத்தை மறந்துவிடும் என்றார். துருப்பிடித்த முளையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தட்டி எடுத்தார். அதன் நடுப்பகுதி கரும்பின் கணுவிடை போல் இளைத்திருந்தது. பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓடினான்.

கடைக்கு ஓடாமல் லேத்துக்கு ஏன் ஓடவேண்டும்? நம் நாட்டில் நெடுங்காலம் லாரி நிறுவனங்கள் பெரும்பாலும் ஷாசியையும் முன்முகப்பையும் மட்டுமே விற்றன. ஓட்டுநர் அமரும் அறையை மரச்சட்டமும் தகரமும் கொண்டு கட்டியவர்கள் நாமக்கல் போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறையினர். அக்கதவுகளின் கீலுக்கு உதிரிபாக எண் கிடையாது. தேய்ந்ததை அளந்து புதியதைக் கடைந்தெடுக்கும் கை ஒன்றுதான் அவற்றின் அட்டவணை.

இவ்வூரின் இன்னொரு முகத்தையும் நினைத்துக்கொள்கிறோம். 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி உருவாகி வெளிவந்தது. டாங்கிகளைச் செய்வது மட்டுமல்ல, ஓடித் தேய்ந்த டி-72 டாங்கிகளை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் பூட்டி அனுப்புவதும் அங்கே நடக்கிறது. அதை யாரும் ஓட்டைவண்டிக்கு ஒட்டுப்போடுதல் என்று சொல்வதில்லை. மதில் சுவருக்கு வெளியே, அரிசியும் செங்கல்லும் ஏற்றிச் செல்லும் வாகனத்துக்குக் கயிறு போதும் என்று தீர்மானித்தவர் யார்?

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் கதவுக்குப் பளபளக்கும் சாயம் பூசப்படுகிறது. கீல் அப்படியே இருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கையை நாம் முற்றாக எதிர்க்கவில்லை. புகை கக்கும் எஞ்சின் ஓய்வு பெறட்டும். ஆனால் 'எப்படியும் உடைக்கப் போகும் வண்டிதானே' என்னும் சொல், ஓடும் கடைசி நாள்வரை அதில் அமர்ந்திருப்பவனையும் சேர்த்தே கழித்துக்கட்டிவிடுகிறது. வளைவில் பாரம் சாயும்போது கதவு திறந்துகொண்டால் விழப்போவது உரிமையாளர் அல்லர். இரவில் அவன் உறங்குவதும் மழைக்கு ஒதுங்குவதும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

நம் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கதவுகள் குடுமியில் சுழன்றன. மேலும் கீழும் நீண்ட குடுமி, நிலையின் குழிகளில் பொருந்தி நிற்கும். 'குடுமி' என்னும் சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. 'புஷ்' என்ற சொல்லுக்கும் அந்த முதியவரின் கைக்கும் நம் எழுத்தில் இன்னும் இடம் கிடைக்கவில்லை என்பது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மாலையில் இரு கீல்களும் பூட்டப்பட்டன. முதியவர் கிரீஸைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார். ஓட்டுநர் வழக்கம்போல் கதவைத் தூக்கி அறைய முனைந்து, பாதியில் நிறுத்தி, இரண்டு விரல்களால் தள்ளினார். 'டக்' என்று மூடியது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.