வாக்கெண்ணும் பொழுது

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இருபொருள் உண்டு. தொகை காண்பதும் எண்ணுதல். ஆராய்ந்து நினைப்பதும் எண்ணுதல். தேர்தல் முடிந்த இரவில் அலுவலர் முதற்பொருளில் எண்ணுகின்றனர். முடிவை எதிர்பார்த்து வீட்டிலிருக்கும் குடிமக்களோ இரண்டாம் பொருளில் எண்ணுதற்குக் கடமைப்பட்டவர். முன்னது பிழைத்தால் ஒரு தேர்தல் கெடும். பின்னது பிழைத்தால் ஊரே கெடும்.

2024 செப்டெம்பர் 21 ஆம் நாளை நினைவு கூர்வோம். ஜனாதிபதித் தேர்தலின் வாக்களிப்பு மாலை 4 மணிக்கு முடிந்தது. இரவு 10 மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாட் காலையில் நீங்கவேண்டியது நண்பகல் வரை நீட்டப்பெற்றது. இரவு பகலாக ஓயாத மருதானைச் சந்தி அன்று ஓய்ந்தது. இங்குள்ள ஒழுங்கைகளில் சுவருக்கு இப்பால் தமிழர், அப்பால் சிங்களவர், எதிர்வீட்டில் முஸ்லிம்கள் என வாழ்கின்றோம். அவ்வீடுகளெல்லாம் ஒருவருக்கே வாக்களித்தவையல்ல. எனினும் பெருங்கலகம் எதுவுமின்றி நாடு விடிந்தது.

இதனை ஒரு சிறு செய்தியென்று தள்ளுதல் தகாது. 1977 யூலை 21 இல் பொதுத்தேர்தல் நடந்தது. அடுத்த மாதமே தமிழர்மீது வன்செயல் மூண்டு கொழும்பிலும் மலையகத்திலும் பரவியது. 1981 யூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் வந்தபோது, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அத்தேர்தலிலே வாக்குப்பெட்டிகள் பற்றி எழுந்த முறைப்பாடுகளையும் மக்கள் மறக்கவில்லை. ஆதலின், முடிவு நாள் நெருங்கியதும் அரிசி பருப்பு வாங்கி வைத்துக் கதவடைக்கும் வழக்கம் கொழும்புத் தமிழரிடம் கோழைமையால் வந்ததன்று, பட்டறிவால் வந்தது. அத்தகையோரிடம் ‘பொறுத்திருங்கள்’ என்று வெறுமனே உபதேசிப்பது எளிது. பொறுப்பதற்கு உரிய காரணத்தைக் காட்டுவதே அறிவுடைமை.

காரணமாவது யாது? எண்ணும் முறையை அறிந்திருத்தலேயாம். செப்டெம்பர் 22 இல் முடிவு தாழ்த்தது ஏன்? அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகளும், சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகளும் பெற்றனர். செல்லுபடியான 1,33,19,616 வாக்குகளில் பாதியை எவரும் தாண்டவில்லை. அந்நிலையில், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச்சீட்டுக்களை மீண்டும் எடுத்து, அவற்றிலே முதலிருவருக்கு இடப்பட்ட இரண்டாம், மூன்றாம் விருப்புக்களை எண்ணுக என்பது 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. 1982 தொடங்கி நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் அவ்விதிக்கு வேலை வந்ததில்லை, ஒன்பதாவதிலே வந்தது. விதியை அறிந்தவனுக்கு அத்தாமதம் ஒழுங்கின் அடையாளம்; அறியாதவனுக்கோ சூழ்ச்சியின் அடையாளம். வதந்தி பிறப்பது இவ்வறியாமையிலேயே.

அவ்விரண்டாம் எண்ணிக்கை இன்னுமோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. மீண்டும் ஆராயப்பட்ட வாக்குச்சீட்டுக்கள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து திசாநாயக்கவுக்குச் சேர்ந்தவை 1,05,264; பிரேமதாசவுக்குச் சேர்ந்தவை 1,67,867. எஞ்சிய 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கள் இறுதித் தீர்ப்பிலே வாய்திறக்கவில்லை. விருப்பிடாமையை ஒரு கொள்கையாகக் கொண்டு விட்டவரும் அவருள் இருந்திருக்கலாம். அஃது அவர் உரிமை. ஆனால், முறை தெரியாமையால் விட்டவரும் உளரேல், அக்குறை கல்வியாளராகிய நம்முடையதன்றோ? சிறுபான்மையாய் வாழ்வோர்க்கு இரண்டாம் விருப்பும் ஒரு குரலே. அதனை வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் விளக்குவதற்கு அடுத்த தேர்தலின் வரவு வரை காத்திருத்தல் வேண்டா.

பொறுமை குடிமக்களுக்கு மட்டும் உரிய கடனுமன்று. அதனைப் பெறுதற்கு எண்ணுவோரும் தகுதியுடையராதல் வேண்டும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுக் குடவோலை முறையைக் கூறுகின்றது. அது வாக்கெண்ணும் முறையன்று. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒன்றை எடுக்கும் திருவுளச்சீட்டு முறை. ஆயினும் அதிலே ஒரு நுட்பம் காண்க: எழுத்தறியாச் சிறுவன் எடுத்த ஓலையை நடுவன் வாங்கும்போது, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்கவேண்டும், பின் அதனைச் சபையோர் கேட்க வாசிக்கவேண்டும். விரல் மடங்கினால் ஐயம் பிறக்கும் என்பதை ஆயிரம் ஆண்டின் முன்னரே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இன்று வேட்பாளரின் முகவர் முன்னிலையில் பெட்டி திறப்பதும், பெறுபேற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிடுவதும் அவ்விரித்த கையின் இன்றைய வடிவங்களே. கை விரிந்திருக்கும் வரை நாம் பொறுக்கலாம். மடங்கக் கண்டால் சட்டத்தின் வழி நின்று கேட்கலாம். தெருவில் இறங்கி அயலவனைக் கேட்பது எதற்கு? பெட்டி அவன் கையிலே இல்லையே!

செப்டெம்பர் 22 மாலைக்குப் பின் முடிவு வந்தது. 23 இல் புதிய ஜனாதிபதி பதவியேற்றார். மருதானை ஒழுங்கைகளில் மறுபடியும் கதவுகள் திறந்தன. வென்றவனும் தோற்றவனும் ஒரே கடையிலே பாண் வாங்கினர். இனி வரும் தேர்தல்களிலும் நாம் செய்யவேண்டியது பெரிதன்று. ஆணைக்குழு அறிவிக்காத எண்ணைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தல். தோற்றவன் வாயிலிலே பட்டாசு கொளுத்தாதிருத்தல். தனித்திருக்கும் அயல்வீட்டு முதியோரின் கதவைத் தட்டி, ‘பயப்படாதீர்கள், நாங்கள் இருக்கின்றோம்’ என்று ஒரு சொற் சொல்லுதல்.

வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலிலே, இல்வாழ்வான் பகுதியில் வைத்தார். காலமறிதலைப் பொருட்பாலிலே, அரசன் பகுதியில் வைத்தார். வாக்கெண்ணும் இரவின் பொறுமையை நாம் முன்னதென்று கருதி, எளியோர் தாங்கும் சுமையென நினைக்கின்றோம். அஃது அன்று. குடிமகனே மன்னனாகிய ஆட்சியில், தன் தீர்ப்பைத் தான் கேட்பதற்குக் காத்திருக்கும் மன்னனின் காலமறிதல் அது.