புண்ணியக் கணக்கும் நோயாளியின் தட்டும்

"சாப்பாடு போடுவதற்கு என்ன படிப்பு வேண்டும்? மனசு இருந்தால் போதும்." அன்னதானம் என்று பேச்செடுத்தாலே கூடவே வரும் வாக்கியம் இது. பசித்தவருக்கு இது பொருந்தலாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்குப் பொருந்தாது. அவரைப் பொறுத்தவரை இது ஆபத்தான நம்பிக்கை.

பெரிய அரசு மருத்துவமனை எதன் வாசலிலும் நண்பகலில் நின்று பார்க்கலாம். பிறந்தநாள், திருமண நாள், தாத்தாவின் திதி என்று வேன் வந்து நிற்கும். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை சாதம், கூடவே ஒரு வாழைப்பழம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்களுக்கு அந்தப் பொட்டலம் பெரிய உதவி. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அதே பொட்டலம் வார்டுக்குள்ளும் போகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாழைப்பழம்: சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கீமோதெரபியால் வாயெல்லாம் புண்ணாகிக் கிடப்பவருக்கு எலுமிச்சையும் காய்ந்த மிளகாயும். விடியற்காலையில் வடித்து ஆறிப்போன சோற்றில், கொதிநீரிலும் சாகாத பேசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் முளைத்துப் பெருகும். நல்ல உடம்புக்கு அது ஒருநாள் வாந்திபேதியோடு போகும். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்புக்கு அவ்வளவு லேசில் போகாது.

பிள்ளை பெற்றவளுக்குத் தனிப் பத்தியம் சமைக்கத் தெரிந்த வீடுகள், வார்டு வாசலில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அண்டாவில் ஏன் கிளற வேண்டும்?

மனசு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த, பேரன் பேத்தி எடுத்த ரூத் பிரிங்கர் கண்ணாரக் கண்டார். எய்ட்ஸ் வந்து படுத்துவிட்ட கட்டடக் கலைஞர் ஒருவருக்கு நண்பர்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் அவர்மேல் பிரியம்தான். ஆனால் யாராவது முறை தவறினால் அன்று அவர் பட்டினி. நோயோடு சத்துக்குறைவும் சேர்ந்து அவரைக் கொண்டுபோனது. 1985-இல் ஏழு நோயாளிகளுக்குத் தானே சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார் பிரிங்கர். அதுவே பிராஜெக்ட் ஓபன் ஹேண்ட். அதே ஆண்டு நியூயார்க்கில் ஒரு எய்ட்ஸ் நோயாளியின் வீட்டுக்கு மளிகைப் பையோடு போனார் கங்கா ஸ்டோன். அடுப்பருகே நிற்கக்கூட அந்த நோயாளிக்குத் தெம்பில்லை. அங்கிருந்து பிறந்தது காட்ஸ் லவ் வி டெலிவர். தொடக்கத்தில் உணவகங்கள் தந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், இன்று உணவியல் நிபுணர்கள் வகுக்கும் பட்டியல்படி தங்கள் சமையற்கூடத்திலேயே சமைக்கிறார்கள்.

இத்தகைய கூடங்களில் காய் நறுக்கும் தொண்டருக்கு நோயாளியின் முகம் தெரியாது. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. கேரட்டை ஒரே அளவில் நறுக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பெரிய துண்டு தொண்டையில் சிக்கும். சரியான டப்பாவில் சரியான சீட்டை ஒட்ட வேண்டும். உப்புக் குறைத்த சூப்பும் சாதாரண சூப்பும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் இதயம் பலவீனமானவருக்கு அது மாறிப்போனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். இத்தனை கட்டுப்பாட்டிலும் பிரியத்துக்குக் குறைவில்லை. நியூயார்க் கூடத்திலிருந்து பிறந்தநாள் கேக்கும் போகிறது. கொண்டாடப்படுவது நோயாளியின் பிறந்தநாள்.

பலனும் கண்கூடு. மாசசூசெட்ஸில் நோய்க்கேற்பச் சமைத்த உணவு பெற்றவர்களை, அதே நிலையில் இருந்தும் அதைப் பெறாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. உணவு பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தது. அமெரிக்கா வரை போக வேண்டாம். சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில், காசநோயாளிகளுக்கு நாளுக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கிடைக்கும்படி மாதம் 10 கிலோ உணவுப்பொருள் தரப்பட்டது. வீட்டில் உடனிருப்பவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அளந்து, மாதம் தவறாமல் கொடுத்ததன் பலன் அது.

"இவ்வளவு விதி வைத்தால் தொண்டுக்கு யார் வருவார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அமெரிக்கச் சமையற்கூடங்கள் நாற்பது ஆண்டுகளாகத் தொண்டர்களை நம்பித்தான் நடக்கின்றன. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை; மனசில் தோன்றிய நாளில் மட்டும் வந்துபோனவர்களால் அது எரிந்துகொண்டிருக்கவில்லை.

வேனை நிறுத்துவதற்கு முன் மருத்துவமனையின் உணவியல் நிபுணரைப் பார்த்து, எந்த வார்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்பது பெரிய வேலையே அல்ல. துணைக்கு வந்தவர்களுக்குத் தனியாகவும் நோயாளிகளுக்குத் தனியாகவும் சமைக்கலாம். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதலாம். பிறந்தநாளுக்குப் பணம் கட்ட வரும் குடும்பத்திடம், வாரத்தில் ஒரு காலை வந்து காய் நறுக்கித் தர ஆள் உண்டா என்றும் அன்னதான அமைப்புகள் கேட்கலாம். நோயாளியின் கையில் தட்டைக் கொடுத்துப் படம் பிடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும்.