எத்தனை லாட்?

1983-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாளிதழ்கள் சிலவற்றில் ஒரு விளம்பரம் வந்தது. சிகாகோவில் பண்டக வர்த்தகம் செய்துவந்த ரிச்சர்டு டென்னிஸ், தன் முறைகளைச் சொல்லிக்கொடுக்க ஆட்களைத் தேடினார். நல்ல வர்த்தகர் பிறவியிலேயே அமைகிறாரா, பயிற்சியால் உருவாகிறாரா என்று அவருக்கும் கூட்டாளி வில்லியம் எக்கார்டுக்கும் நீண்ட நாள் வாக்குவாதம். பயிற்சி போதும் என்றார் டென்னிஸ். கணிதம் படித்த எக்கார்டு அதை ஒப்பவில்லை. பேசித் தீராததைச் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

டென்னிஸ் 1,600 டாலர் கடன் வாங்கி, அதில் 1,200 டாலரைச் சந்தை உறுப்பினர் ஆவதற்கே கட்டிவிட்டு, மிச்சம் 400 டாலரில் தொழிலைத் தொடங்கியவர். விண்ணப்பித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பத்துப் பேரைப் பொறுக்கினார். ஏற்கெனவே தெரிந்த மூவரையும் சேர்த்துக்கொண்டார். சிங்கப்பூரில் ஆமைப் பண்ணை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் மாணவர்களுக்கு ஆமைகள் என்றே பெயர் வைத்துவிட்டார். பாடம் இரண்டே வாரம். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் ஈட்டிய லாபம் 10 கோடி டாலரைத் தாண்டியதாகச் சொல்லப்படுகிறது. எக்கார்டு தோற்றார்.

அந்தப் பாடம் இன்று யாருக்கும் கிடைக்கிறது. கடந்த 20 நாட்களின் உச்சத்தை விலை தாண்டினால் வாங்கு; 10 நாட்களின் தாழ்வுக்குக் கீழே இறங்கினால் விற்று வெளியேறு. இதில் புதுமை இல்லை. ரிச்சர்டு டான்ச்சியன் என்ற முன்னோடி இதே போன்ற நான்கு வார விதியை முன்பே வகுத்திருந்தார். டென்னிஸின் பெயரைச் சொல்லி முறை விற்பவர்கள் இன்றும் இந்தப் பகுதியைத்தான் விற்கிறார்கள். என் பார்வையில் பாடத்தின் உயிர் வேறிடத்தில் இருந்தது.

ஒரு பொருளின் விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று ஆமைகள் முதலில் கணக்குப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் ஆட்டம் தங்கள் மொத்த முதலில் 1 சதவீதத்தைத் தாண்டாதபடிதான் வாங்குவார்கள். அதைப்போல் இரு மடங்கு விலை எதிராகப் போனால் நஷ்டத்தை அங்கேயே வெட்டும் ஸ்டாப் லாஸ். அதாவது ஒரு கணிப்பு தவறினால் 2 சதவீதம் போகும், சாதாரணமாக அதற்கு மேல் போகாது. ஒரே சந்தையில் இப்படிக் கணக்கிட்ட அளவை நான்கு தடவை வரைதான் சேர்க்கலாம். மூலதனத்தில் 10 சதவீதம் கரைந்துவிட்டால் 20 சதவீதம் கரைந்ததாக வைத்துக்கொண்டு அடுத்த கொள்முதலைச் சுருக்க வேண்டும். சந்தை கொந்தளிக்கும்போது தினசரி ஆட்டம் கூடும், கூடினால் வாங்கும் அளவு தானாகக் குறையும். போர், தேர்தல், நோய்த்தொற்று என்று தனித்தனியாக விதி எழுத வேண்டிய தேவையே இல்லை. எது நடக்கும் என்று தெரியாது என்ற ஒப்புதல் கணக்கிலேயே இருக்கிறது.

எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற கேள்விக்கு வரலாறு நெடுகிலும் புத்திசாலிகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு என்ற கேள்வியைத்தான் அவர்கள் கோட்டைவிட்டார்கள். அதற்கு விலை கொடுத்த நாள் 1987 அக்டோபர் 19.

அந்தக் கதை கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஹெய்ன் லேலண்ட் என்ற பேராசிரியருக்கு 1976-இல் ஓர் எண்ணம் தோன்றியது. வீட்டுக்கும் வண்டிக்கும் காப்பீடு இருக்கும்போது, ஓய்வூதிய நிதி வைத்திருக்கும் பங்குகளுக்கு ஏன் இருக்கக் கூடாது? விலை இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, ஏற ஏறத் திரும்ப வாங்கினால் ஒரு மட்டத்துக்குக் கீழே நஷ்டம் போகாமல் தடுக்கலாம். எந்த விலையில் எவ்வளவு விற்க வேண்டும் என்பதைக் கணினி சொல்லிவிடும். சக பேராசிரியர் மார்க் ரூபின்ஸ்டீன், விற்பனை தெரிந்த ஜான் ஓ'பிரையன் ஆகியோரோடு சேர்ந்து லேலண்ட் நிறுவனம் தொடங்கினார். 1982-இல் சிகாகோவில் எஸ் அண்டு பி 500 குறியீட்டுக்கு ஃப்யூச்சர்ஸ் எனும் முன்பேர ஒப்பந்தம் வந்ததும் வேலை சுலபமாயிற்று. நூற்றுக்கணக்கான பங்குகளைத் தனித்தனியே விற்க வேண்டாம். ஒரே ஃப்யூச்சர்ஸை விற்றால் போதும். மற்ற நிறுவனங்களும் புகுந்தன. 1987-இல் இந்தக் காப்பீட்டின் கீழ் இருந்த பங்குகளின் மதிப்பு 6,000 கோடி முதல் 9,000 கோடி டாலர் வரை.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் நாம் விற்கும்போது எதிரே வாங்க ஆள் இருப்பார், நம் விற்பனை விலையை அசைக்காது என்ற நம்பிக்கையின் மேல் அந்தக் கணக்கு நின்றது. ஒருவர் மட்டும் விற்றால் அது சரி. எல்லோரும் சேர்ந்து எவ்வளவு விற்பார்கள் என்று அது கேட்கவில்லை. ஊரே ஒரே நாளில் அறுத்து ஒரே மண்டிக்கு நெல்லை ஓட்டிவந்தால் அன்றைய விலை எந்தப் பழைய விலைப்பட்டியலிலும் இருக்காது.

அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை டவ் ஜோன்ஸ் குறியீடு 108 புள்ளிகள் இறங்கியது. அந்த வாரத்தின் சரிவுக்குக் கணினிகள் விற்கச் சொன்னது குறைந்தது 1,200 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை என்றும், விற்று முடிந்தது 400 கோடி டாலருக்கும் குறைவு என்றும் பின்னர் விசாரித்த பிராடி குழு கணக்கிட்டது. மீதி முழுவதும் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தது. அது காத்திருப்பதைச் சில பெரிய வர்த்தக நிறுவனங்கள் ஊகித்து, முந்திக்கொண்டு விற்றன. எல்லோருக்கும் தெரிந்த விதியைப் பின்பற்றுகிறவரின் அடுத்த அடியும் எல்லோருக்கும் தெரிந்துதானே இருக்கும்?

திங்கட்கிழமை சிகாகோவில் ஃப்யூச்சர்ஸ் விழுந்தது. நியூயார்க்கின் பங்கு விலையைவிட அது மலிவாகிவிட்டதால், அந்த வித்தியாசத்தில் பிழைப்பவர்கள் சிகாகோவில் வாங்கி நியூயார்க்கில் விற்றார்கள். நியூயார்க் விழுந்தது. விழுந்ததைக் கண்ட காப்பீட்டுக் கணினிகள் இன்னும் விற்கச் சொல்லின. அன்று மட்டும் 60 கோடிக்கு மேற்பட்ட பங்குகள் கைமாறின; விலை காட்டும் டேப் மணிக்கணக்கில் பின்தங்கியதால் தாம் எந்த விலையில் விற்கிறோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. மாலையில் டவ் 508 புள்ளிகள், அதாவது 22.6 சதவீதம் சரிந்திருந்தது. மறுநாள் காலை, அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராகிச் சில மாதங்களே ஆன ஆலன் கிரீன்ஸ்பான், பணப்புழக்கத்துக்குக் குறைவு வராமல் வங்கி பார்த்துக்கொள்ளும் என்று அறிக்கை விட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த ஆண்டைத் தொடங்கியபோது டவ் 1,896-க்கு அருகில் இருந்தது. முடித்தபோது 1,939-க்கு அருகில். பங்கை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காதவருக்குச் சின்ன லாபம். காப்பீடு எடுத்தவர்களில் பலர் அடிமட்டத்தில் விற்றிருந்தார்கள்.

டென்னிஸும் தப்பவில்லை. மாணவர்களுக்கு அளவைக் கற்றுக்கொடுத்தவர் நிர்வகித்த பொது நிதிகள் ஏறக்குறைய பாதி முதலை இழந்து 1988-இல் மூடப்பட்டன. விதி தெரிந்திருப்பதும் விதிக்குள் நிற்பதும் வெவ்வேறு திறமைகள் போலும்.

வாங்கும் விற்கும் விதி மட்டும் போதாது என்பதை நம் ஊர்ச் சந்தையில் 2020 மார்ச்சில் பார்த்தோம். 13-ஆம் தேதி காலை சந்தை திறந்த சில நிமிடங்களில் 10 சதவீத லோயர் சர்க்யூட். வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. காலையில் 3,000 புள்ளிகளுக்கு மேல் விழுந்திருந்த சென்செக்ஸ், மீண்டும் திறந்ததும் ஏறத் தொடங்கி, மாலையில் 1,325 புள்ளிகள் லாபத்தில் முடிந்தது. விதிப்படி ஸ்டாப் லாஸ் போட்டு ஒழுங்காக வெளியேறியவர் அன்று முட்டாளாகத் தெரிந்தார். பத்து நாள் கழித்து, 23-ஆம் தேதி, மீண்டும் அதே 10 சதவீதம், அதே 45 நிமிடம். இம்முறை திறந்த பிறகும் விழுந்துகொண்டே இருந்தது. சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் இழந்து 25,981-இல் முடிந்தது. 13-ஆம் தேதி கற்ற பாடத்தை நம்பி, இது எப்படியும் திரும்பும் என்று காத்திருந்தவர் அன்று முட்டாள்.

இரண்டு நாட்களுக்கும் பொருந்தும் வாங்கல் விற்றல் விதி எதுவும் கிடையாது. இரண்டு நாட்களையும் தாங்கும் அளவு உண்டு. இரண்டு தடவை தவறி, இரண்டு தடவையும் 2 சதவீதம் மட்டும் இழந்தவர் அந்த நவம்பரில் சென்செக்ஸ் புதிய உச்சம் தொட்டபோதும் சந்தையில் இருந்திருப்பார்.

இன்று கணினியே வாங்கி விற்கும் அல்கோ முறைகள் செல்போனில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் வரைபடம் மேல்நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். கணினியைக் குறை சொல்வதற்கில்லை. 2023-24 நிதியாண்டில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் சந்தையில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ வழியாக வந்ததாக இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு: மூன்று ஆண்டுகளில் இந்தச் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் மறுபடியும் வந்தார்கள்.

2024 நவம்பர் முதல் குறியீட்டு ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு, அறிமுகமாகும்போது குறைந்தது 15 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும் என்று செபி உயர்த்தியிருக்கிறது. ஆமைகளின் கணக்கை இதன் மேல் போட்டுப் பார்க்கலாம். நிஃப்டி ஒரு நாளில் 1 சதவீதம் ஆடுவது சாதாரணம். ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரு ஒப்பந்தத்துக்கு, அது 15,000 ரூபாய். அந்த 15,000 மொத்த முதலில் 1 சதவீதமாக இருக்க வேண்டுமானால் கையில் 15 லட்சம் வேண்டும். கொந்தளிப்பான காலத்தில் தினசரி ஆட்டம் 2 சதவீதமானால் 30 லட்சம் வேண்டும், அதுவும் ஒரே ஒரு லாட்டுக்கு. 2 லட்சம் ரூபாயோடு வருபவருக்கு இந்தக் கணக்கு தரும் விடை பூஜ்யம் லாட். அவர் முறைப்படி வர்த்தகம் செய்ய விரும்பினால் பங்குகளை ரொக்கச் சந்தையில் ஐந்து, பத்து என்று வாங்கட்டும், அல்லது இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடட்டும். ஃப்யூச்சர்ஸ் பக்கம் அவரை அழைக்கிறவரிடம் வேறு எதுவும் கேட்க வேண்டாம். தொடர்ந்து பத்து முறை தவறினால் என் முதலில் எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்கட்டும்.