பித்தளை எடைக்குப் போகுமுன்

நம் பகுதியில் வீட்டைக் காலி செய்து கொண்டு போகிறவர்கள் அதிகமாகி விட்டார்கள். லேக் மார்க்கெட்டைச் சுற்றியிருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகப் புரமோட்டர் கைக்குப் போகின்றன. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்த பெரியவர்கள் இரண்டு சூட்கேஸோடு புறப்படுகிறார்கள். வெண்கலப் பானைக்கும் குத்துவிளக்குக்கும் சாமி படத்துக்கும் வாரிசு உண்டு. வாரிசில்லாத பொருள் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. பழைய பிஸ்கட் டின். அதற்குள் துருப்பிடித்த ஸ்க்ரூ, ஃப்யூஸ் கம்பி, பீங்கான் கட்-அவுட், இவற்றோடு எதில் செருகுவது என்று யாருக்கும் தெரியாத நாலைந்து பிளக்குகள். பிக்ரிவாலா வந்து டின்னைத் தராசில் கவிழ்க்கிறார். பித்தளைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அந்த டின்னைப் பற்றித்தான் நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன். தென்கிழக்கு ரயில்வேயின் எலக்ட்ரிகல் பிரிவில் 1982-ல் சார்ஜ்மேனாகச் சேர்ந்து, கரக்பூர், சாந்த்ராகாச்சி என்று 38 வருஷம் ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறி, பாட்டரியோடு காலம் தள்ளியவன் நான். படித்தது டிப்ளமோதான். ஆனால் ஒரு பிளக்கைக் கையில் கொடுத்தால் அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லி விடுவேன். என் அபிப்பிராயம் இது: உபயோகம் தெரியாத பிளக்கை, சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று கரண்டில் செருகவும் கூடாது, தெரியவில்லை என்பதற்காக எடைக்குப் போடவும் கூடாது. என்னவென்று கண்டுபிடித்து, ஒரு சீட்டில் எழுதி, அதோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். பிறகு உங்கள் இஷ்டம்.

கல்கத்தாவில் ஏன் இத்தனை ரகம் என்று கேட்கலாம். (2001-லிருந்து கொல்கத்தாதான். என் வாயில் இன்னும் வரவில்லை.) மின்சாரம் சீக்கிரமே எட்டிப் பார்த்த ஊர் இது. 1879 ஜூலை 24 அன்று ஃப்ளூரி கம்பெனியார் இங்கே மின்விளக்கு எரித்துக் காட்டினார்கள். 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் கல்கத்தா எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனின் முதல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1902-ல் டிராம் குதிரையை விட்டுக் கரண்டுக்கு மாறியது; அதற்கு 550 வோல்ட் டி.சி. வீடுகளுக்கும் ஆரம்பத்தில் டி.சி.தான், ஏ.சி. பிற்பாடு வந்தது. பிளக் விஷயத்தில் அன்று ஒரு கட்டுப்பாடும் கிடையாது. இங்கிலாந்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய வடிவத்தில் செய்து கப்பலேற்றியது. நாம் இன்றும் உபயோகிக்கும் மூன்று உருண்டைப் பின் பிளக்குக்கு மூலமான பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரமே 1934-ல்தான் வந்தது. 1947-ல் அவர்கள் ஃப்யூஸ் வைத்த சதுரப் பின்னுக்கு மாறி விட்டார்கள். நாம் உருண்டையை விடவில்லை.

வீட்டுக்கு இப்படி என்றால், ரயில்வேக்குத் தனி மாதிரி, டெலிபோன் இலாகாவுக்குத் தனி மாதிரி, கப்பல் துறைக்குத் தனி மாதிரி. நம்மவர்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட உத்தியோகங்களுக்குத்தானே? ஆகவே நம் வீட்டு டின்கள் சற்று விசேஷமானவை.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கரண்டே வேண்டாம். பொருளைப் பார்த்தாலே பாதி தெரிந்து விடும்.

முதலில் துளையா, பின்னா என்று பாருங்கள். கரண்ட் வருகிற பக்கத்தில் எப்போதும் துளைதான் இருக்கும். வாங்கிக் கொள்கிற பக்கத்தில் பின். கரண்ட் இருக்கும் பின்னை யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். இரண்டு முனையிலும் பின் உள்ள ஒயர் ஒன்று டின்னில் கிடைத்தால் அது எவரோ அவசரத்துக்குச் செய்த வேலை. ஒரு முனையைச் சுவரில் செருகினால் மறு முனை எமன். அதை மட்டும் யோசிக்காமல் வெட்டிப் போடுங்கள்.

அடுத்தது, பின்கள் ஒரே கனமா? இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் எப்படித் திருப்பிச் செருகினாலும் பரவாயில்லை என்று செய்தவன் நினைத்திருக்கிறான். ஒன்று தடி, ஒன்று மெலிசு என்றால் திருப்பிச் செருகவே கூடாது என்று அர்த்தம், டி.சி.யாக இருக்கலாம், பாட்டரியாக இருக்கலாம். மூன்றில் ஒன்று மட்டும் தடியாகவும் நீளமாகவும் இருந்தால் அது எர்த். உள்ளே போகும்போது முதலில் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியில் விட வேண்டும், அதற்காகவே அந்த நீளம். பெரிய பவர் கப்ளர்களில் நேர்மாறாக ஒரு பின் மட்டும் குட்டையாக இருக்கும். புதியவர்கள் உடைந்து போனது என்று நினைப்பார்கள். அது பைலட் பின். மற்றவை விடுபடுமுன் அது விடுபட்டு, சப்ளையையே நிறுத்தி விடும். பெரிய கரண்ட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினால் தீப்பொறி பாயுமே, அதைத் தடுக்கும் ஏற்பாடு.

கனம் ஆம்பியரைச் சொல்லும். பழைய 5 ஆம்பியர் பிளக்கில் பின் சுமார் 5 மில்லிமீட்டர். 15 ஆம்பியரில் 7. இடைவெளி முன்னதில் முக்கால் அங்குலம், பின்னதில் ஒரு அங்குலம். இந்த இரண்டுக்கும் பொருந்தாமல் இன்னும் பொடியாக மூன்று பின் இருந்தால் 2 ஆம்பியர், மேஜை விளக்குக்கானது. பீங்கான் உடம்பாக இருந்தால் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்று வைத்துக் கொள்ளலாம். பழைய இஸ்திரிப் பெட்டியின் பின்புறம் மாட்டும் கனெக்டரை நினைத்துப் பாருங்கள், பக்கவாட்டில் இரண்டு தகடு நீட்டிக் கொண்டிருக்கும், அதுதான் எர்த். பின்னே இல்லாமல், கால் அங்குலக் குச்சி ஒன்று நுனியில் குமிழோடு இருந்தால் அது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செருகிய பிளக். கச்சேரி ஆம்ப்ளிஃபயரில் இன்றும் அதே கால் அங்குலம்தான்.

சுவிட்சோடு சேர்ந்த பித்தளை சாக்கெட் கிடைத்து, சுவிட்ச் ‘படார்’ என்று பெரிய சத்தத்தோடு விழுந்தால் டி.சி. காலத்ததோ என்று சந்தேகப்படுங்கள். 50 சைக்கிள் ஏ.சி. ஒரு வினாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டு விட்டுப் போகிறது, ஆகவே பொறி தானே அணையும். டி.சி.க்கு அந்த நல்ல குணம் கிடையாது. பலமான ஸ்பிரிங் வைத்துச் சட்டென்று பிரித்தால்தான் உண்டு.

இனி மாமி வீட்டு விஷயம். சதர்ன் அவென்யூ பக்கம் வீடு காலி செய்யும் ஒரு மாமி போன வருஷம் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிப் பல வருஷம் ஆகிறது. டின்னில் கனமான ஒரு பிளக், ஆறு பின், ஒரு முழம் ஒயர் தொங்குகிறது. “ஏதோ ரேடியோ சாமான்னு வச்சிருந்தேன். பிக்ரிவாலா நாற்பது ரூபாய் தர்றேங்கறான்” என்றார் மாமி.

அது ரேடியோ சாமான் அல்ல. மின்மயமான பாதைகளில் கார்டும் டிரைவரும் கூடவே எடுத்துச் சென்ற கையடக்க டெலிபோனின் பிளக். மின்மயமாகாத பாதையில் வண்டி நடுவழியில் நின்றால், நீண்ட கழியால் தண்டவாளத்தோரத் தந்திக் கம்பியில் கொக்கி மாட்டி கண்ட்ரோலோடு பேசுவார்கள். 25,000 வோல்ட் மேலே ஓடும் பாதையில் அது நடக்காது. பக்கத்துக் கம்பியிலும் மின்சாரம் தூண்டப்பட்டு விடும். ஆகவே டெலிபோன் கம்பியைப் பூமிக்கடியில் கேபிளாகப் போட்டு, ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒன்றாக எமர்ஜென்சி சாக்கெட் வைத்தார்கள். எந்தப் பக்கம் நடந்தால் கிட்டே என்று மாஸ்டுகளில் அம்புக்குறி போட்டிருக்கும். அதைப் பார்த்து நடந்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதில்லை. ஆனால் அது ராத்திரி, மழை, கையில் ஒரு விளக்கு.

இதைச் சொன்னதும் மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கோலாகாட் தாண்டி ஒரு தடவை வண்டி நின்னு போச்சு, கொட்டற மழையில போனைத் தேடி நடந்தேன், கால்ல ஜல்லி குத்தித்துன்னு அவர் சொல்லுவார். போனைத் தேடி எதுக்கு நடக்கணும்னு எனக்குப் புரிஞ்சதே இல்லை. இதானா அது?” என்றார். பிளக்கை வாங்கித் தன் புடவைத் தலைப்பில் துடைத்து சூட்கேஸில் வைத்துக் கொண்டார். (ரயில்வே சாமான் வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். கண்டம் செய்து ஒதுக்கியதில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.)

வாக்கி-டாக்கியும் செல்போனும் வந்த பிறகு சேர்ந்த பையன்களுக்கு அந்த பிளக்கைக் கையில் கொடுத்தால் விழிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எங்கள் பெட்டிகளிலேயே எவ்வளவு மாறி விட்டது! நான் சேர்ந்தபோது அச்சிலிருந்து பெல்ட் போட்டு டைனமோ ஓடும் 24 வோல்ட் பெட்டிகள் இன்னும் இருந்தன. 1890-களில் லண்டனில் ஸ்டோன் கம்பெனி தொடங்கி வைத்த முறை. அதே ஸ்டோன் பிறகு நம் தாராதலாவில் தொழிற்சாலை போட்டது. பின்னால் 110 வோல்ட் ஆல்டர்னேட்டர். இன்று ராஜதானி மாதிரி வண்டிகளில் எஞ்சினிலிருந்தே 750 வோல்ட் மூன்று ஃபேஸ். ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கனெக்டர் முழுவதும் ஸ்கிராப். பெட்டிக்கு வெளியே பாட்டரி சார்ஜ் செய்யும் டெர்மினல், ஒரு பெட்டியில் விளக்கு போனால் பக்கத்துப் பெட்டியிலிருந்து கடன் வாங்கும் எமர்ஜென்சி ஃபீட் டெர்மினல், இவை எதற்கு என்று சொல்லக் கூடியவர்கள் என் வயசுக்காரர்கள். இன்னும் எத்தனை நாள் சொல்வோம்?

இன்னொரு பக்கம், தெரியாமல் உபயோகிக்கிற ஆபத்து. மல்லிக் பஜாரிலும் ஏலக் கடைகளிலும் பழைய ரயில் விசிறியை ‘ஆன்ட்டிக்’ என்று விற்கிறார்கள். புது பிளக் ஒன்றை மாட்டி 230 வோல்ட்டில் போடுகிறார்கள். அது 24 அல்லது 110 வோல்ட் டி.சி. விசிறி, சுற்றுவதற்குள் புகையும். வால்வு ரேடியோ இன்னும் மோசம். ஏ.சி./டி.சி. செட் என்று வந்தவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸில் போய் நிற்கும். டி.சி. வீடுகளில் செட் பாடவில்லை என்றால் பிளக்கைத் திருப்பிச் செருகச் சொல்வார்கள். இன்று ஏ.சி.யில் எப்படிச் செருகினாலும் பாடும், ஆனால் தப்பான பக்கம் செருகியிருந்தால், நாப் கழன்ற இடத்தில் தெரியும் தண்டைத் தொட்டாலே போதும். தாத்தா ரேடியோவை ஆன் செய்து பார்க்க ஆசைப்படும் பேரப்பிள்ளைகளின் பெற்றோர் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

மின்சாரம் வராத ஊரிலிருந்து வந்த ரேடியோக்களுக்கு நாலு பின் பிளக் ஒன்று உண்டு. பின்கள் ஒரே அளவாகவோ ஒரே இடைவெளியிலோ இருக்காது. கோணல் என்று நினைத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஒரே பாட்டரிப் பெட்டிக்குள் வால்வின் இழைக்கு 1½ வோல்ட்டும், பிளேட்டுக்கு 90 வோல்ட்டும் இருந்தன. மாறிச் செருகினால் எல்லா வால்வும் ஒரே நொடியில் போய்விடும். அது நடக்காமல் இருக்கவே அந்தக் கோணல்.

பல்பு ஹோல்டரில் மாட்டும் அடாப்டரை எல்லோருக்கும் தெரியும். விளக்குக்கு மட்டும் ஒயரிங் செய்த வீட்டில் பிளக் பாயிண்ட் இல்லாததால் இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டினார்கள். எர்த்தே கிடையாது. சீட்டு எழுதி வையுங்கள், உபயோகிக்காதீர்கள்.

“மியூசியத்துக்குக் கொடுத்து விடலாமே” என்று சங்கத்தில் ஒரு அன்பர் சொன்னார். தாராளமாகக் கொடுக்கலாம். குருசதய் ரோட்டில் பிர்லா தொழில் மியூசியம் 1959-லிருந்து இருக்கிறது. ஹௌராவில் ரயில் மியூசியம் 2006-ல் வந்தது. ஆனால் எஞ்சினைப் பார்த்தால் எஞ்சின் என்று யாருக்கும் தெரியும். ஆறு பின் பிளக்கைச் சீட்டில்லாமல் கொண்டு போய்க் கொடுத்தால் அங்கிருப்பவர் என்ன செய்வார்? எங்கிருந்து வந்தது, யார் உபயோகித்தார், எந்த வருஷம் என்பதை வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். 2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானம்–எஸ்பிளனேட் தவிர மற்ற டிராம் பாதைகளை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது எல்லோரும் டிராம் பெட்டியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். எனக்கு நோனாபுகூர் பணிமனையில் அலமாரிகளில் இருக்கக் கூடிய சின்னச் சாமான்களைப் பற்றியும், அவற்றின் பெயர் தெரிந்த மிஸ்திரிகளைப் பற்றியும்தான் கவலை.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க நூலகத்தில் இருப்பேன். டின்னோடு வாருங்கள். வெர்னியர் காலிப்பர், பூதக்கண்ணாடி, எந்தப் பின் எந்தக் கம்பியோடு சேர்கிறது என்று பார்க்க டார்ச் பாட்டரியும் பல்பும் நான் கொண்டு வருகிறேன். தொங்கும் ஒயரை வெட்டி விடாதீர்கள். சிவப்பா, கறுப்பா, நூல் சுற்றியதா என்பதில் விஷயம் இருக்கிறது. பளபளப்பாக்கவும் வேண்டாம், தேய்த்தால் எழுத்து போய்விடும். சீட்டில் தமிழோடு வங்காளத்திலும் எழுத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை உதவிக்கு வந்தால் நல்லது. டின்னை அன்றே திருப்பித் தந்து விடுவேன், பிஸ்கட் இருந்தால் அதற்கு உத்தரவாதமில்லை.