கனவான் சுருட்டும் பாட்டாளி பீடியும்!

ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்து வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் தாய்மார்கள் சுற்றும் பீடி, அமெரிக்கத் தபாலில் போகக் கூடாது. சுருட்டு மட்டும் தாராளமாகப் போகலாம்!

வரி ஏய்ப்பையும் சிறுவர் புகைப்பதையும் தடுக்கவென்று 2010இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. வெளிநாட்டுப் பார்சலுக்கும் அது பொருந்தும். சிகரெட்டுக்குத் தடை; சுருட்டுக்கு விலக்கு. பீடி எதிலே சேர்த்தி? உள்ளே இருப்பது இரண்டிலும் புகையிலைதான். சுருட்டின் மேலுறையும் புகையிலை. பீடியின் மேலுறையோ காட்டு இலை. புகையிலை அல்லாத எதில் சுற்றினாலும் சிகரெட்டே என்பது அவர்கள் சட்டத்தின் இலக்கணம்! 2014இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக விற்பனையை நிறுத்தச் சொன்ன புகையிலைச் சரக்கு எது? நான்கு வகைப் பீடி!

திருச்சிச் சுருட்டுக்குச் சீமையில் இருந்த மவுசோ தனி. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, 1887இல், அதன் சாம்பல் துப்பாக வருகிறது. கனவான் உதட்டில் ஏறிய சரக்குக்கு என்றுமே கதவு திறக்கும் போலும்.

பீடி உடம்புக்கு நல்லதென்று நாம் வாதாடவில்லை. இரண்டும் நஞ்சே. நஞ்சென்று தடுத்தால் இரண்டையும் தடுக்கட்டும்! ஆயிரம் பீடிக்கு இவ்வளவென்று கூலி வாங்கும் பெண்கள் ஒருநாள் வேறு தொழிலுக்குப் போகத்தான் வேண்டும். போக வழி? அவர்கள் நலனுக்கென்று 1976இல் சட்டம் செய்து பீடிமீது விதித்த தீர்வையை, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது டில்லி எடுத்துவிட்டது. அந்தப் பெண்களின் கைக்கு டில்லி என்ன வேலை தரப்போகிறது?