குத்தின் பெயரும் குத்தின் வலிமையும்

சென்ற பள்ளி விடுமுறையில், இரத்தினபுரிப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் வாழும் உறவினர் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. மாலை மழை விட்ட நேரம். லயத்து முனையிலிருந்த தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்து இளைஞர் இருவர் கைத்தொலைபேசியொன்றை நடுவில் வைத்துக்கொண்டு பெருஞ்சமர் புரிந்துகொண்டிருந்தனர். ஒருவர் இறப்பர் மலையில் பால் வெட்டுபவர். மற்றவர் உயர்தர வகுப்பு மாணவர். பார எடைக் குத்துச்சண்டை வாகையர்களுள் எவருடைய குத்து வலியது என்பதே வழக்கு. ஒருவருக்கு மைக் டைசன். மற்றவருக்கு டியோன்டே வைல்டர். நம்மைக் கண்டதும், "சேர், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று வழக்கை நம் தலையில் கட்டிவிட்டனர்.

நாம் கையுறை அணிந்து அறியாதவர். ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர் தீர்ப்புச் சொல்ல மறுத்ததாக வரலாறு இல்லை. ஆகவே, முதலில் வழக்கின் பொருளைத் தெளிவாக்க முயன்றோம். ஒருவர் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பது ஒரு கேள்வி. எத்தகையோரை வீழ்த்தினார் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனாலேயே பல வீரர்களின் குத்துக்கு உள்ளதை விடப் பெரிய பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

இதற்குத் தலைசிறந்த சான்று இத்தாலி நாட்டுப் பிரிமோ கார்னேரா. ஆறரை அடியை எட்டும் உயரம். 260 றாத்தல் அளவில் எடை. 1930இல் அமெரிக்காவில் களமிறங்கியவர் வரிசையாகப் பலரைச் சாய்த்தார். 1933இல் ஜாக் ஷார்க்கியை வென்று உலக வாகையரானார். ஆனால் அவர் முன் விழுந்தவர்களுள் பலர் முன்கூட்டிப் பேசி விழுந்தவர்கள் என்பதே வரலாற்றாசிரியர்களின் பரவலான முடிவு. மறு ஆண்டு மக்ஸ் பேயர் அவரைத் திரும்பத் திரும்பத் தரையில் வீழ்த்தி, பதினோராம் சுற்றில் பட்டத்தைப் பறித்தார். உருவம் பெரிது, கணக்குப் பெரிது, குத்தோ சிறிது! மிகையாக மதிக்கப்பட்ட குத்து எதுவெனக் கேட்பின், நம் வாக்கு கார்னேராவுக்கே.

இதற்கு நேர்மாறானவர் ரொக்கி மார்சியானோ. ஐந்தடி பத்தங்குல உயரமும் 185 றாத்தல் அளவில் எடையும் உள்ளவரை இன்றைய பார எடை வீரர்களின் பக்கத்தில் நிறுத்தினால் இளைய தம்பி போலவே தோன்றுவார். ஆயினும் 49 போட்டிகளில் 49 வெற்றி. அவற்றுள் 43 போட்டிகளில் எதிரி இறுதிவரை நிற்கவில்லை. 1952இல் ஜெர்சி ஜோ வோல்கொட்டுக்கு எதிராகப் புள்ளிகளில் பின்தங்கியிருந்தும், பதின்மூன்றாம் சுற்றில் வலக்கையின் ஒரே குத்தினால் பட்டத்தை வென்றார்.

இவ்விடத்தில், கடையின் ஓரத்தில் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்த முதியவர் ஒருவர், "கோடாலியை ஓங்கினால் மட்டும் விறகு பிளக்காது தம்பி, கால் ஊன்ற வேண்டும்" என்றார். பௌதிக ஆசிரியர் அரைமணி நேரம் கரும்பலகையில் எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். குத்து முட்டியில் பிறப்பதன்று. ஊன்றிய பாதத்தில் பிறந்து, இடுப்பின் திருப்பத்தில் வளர்ந்து, தோள் வழியே முட்டிக்கு வருகிறது. எடை உதவும், வேகம் அதனினும் உதவும். எதிரி காணாத திசையிலிருந்து வரும் குத்து எல்லாவற்றினும் கொடியது. ஏனெனில் அதைத் தாங்கக் கழுத்து ஆயத்தமாக இருப்பதில்லை.

இனி வைல்டர் வழக்கு. 2020இன் தொடக்கத்தில் அவர் கணக்கில் 42 வெற்றிகள். அவற்றுள் 41 நொக் அவுட். கண்ணைப் பறிக்கும் கணக்குத்தான். ஆனால் டைசன் பியூரி 2018இல் இரு தடவையும் 2021இல் இரு தடவையும் அவர் குத்தில் விழுந்து, நான்கு தடவையும் எழுந்து நின்றார். மூன்று போட்டிகளில் ஒன்று சமநிலை. மற்றை இரண்டும் பியூரிக்கே. வைல்டரின் வலக்கை பொய்யன்று. அக்கணக்கு வாக்களித்த அளவுக்கு அது மெய்யுமன்று. டைசனும் 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்தார். எனினும் 20 வயதிலேயே வாகையரான அவரிடம் வலிமையோடு வேகமும் இருந்தது. ஆகவே டைசன் கட்சிக்கே சற்றுச் சாதகமாகத் தீர்ப்பளித்தோம்.

ஆயின் இருவரையும் விட ஐயத்துக்கு இடமற்ற குத்து ஜோர்ஜ் போர்மனுடையது என்பதே நம் அபிப்பிராயம். 1973இல் ஜோ பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறு தடவை வீழ்த்தினார். இருபத்தோராண்டு கழித்து, 1994இல், தம் 45ஆம் வயதில் மைக்கல் மூரரை ஒரு வலக்கைக் குத்தால் சாய்த்து மீண்டும் வாகையரானார். கால்களின் வேகம் போயிற்று, குத்து போகவில்லை. அத்தகைய குத்தையும் 1974இல் கின்ஷாசாவில் முகம்மது அலி கயிற்றில் சாய்ந்து தாங்கி, எட்டாம் சுற்றில் அவரையே வீழ்த்தினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பலம் வேறு, பயிற்சி வேறு என்று வீமனையும் துரியோதனனையும் ஒப்பிட்ட கண்ணன் கண்ட உண்மையும் இதுவே அன்றோ!

தீர்ப்பு முடிந்தது, இளைஞர் கலைந்தனர். நாம் வீடு திரும்பும் வழியில் அம்மாணவரின் தாயார், கொழுந்துக் கூடையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சேர், இவன் பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டைக்குச் சேர்ந்திருக்கிறான். மண்டையில் அடிபட்டால் படிப்புக்குக் கேடு வராதா?"

அன்று கேட்ட கேள்விகளுள் உண்மையான கேள்வி இதுவொன்றே எனத் தோன்றிற்று. கார்னேரா கதையில் நாம் கடையிற் சொல்லாது விட்ட பகுதியொன்று உண்டு. 1933 பெப்ரவரியில் ஏர்னி ஷாப் என்னும் வீரர் கார்னேராவின் இலேசான குத்தொன்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிர் நீத்தார். அதற்கு முந்தைய ஆகஸ்டில் அவர் மக்ஸ் பேயரிடம் கடும் அடி வாங்கியிருந்தார். கடன் பழையது, கணக்கு மட்டும் கடைசிக் குத்தின் பேரில் எழுதப்பட்டது. மூளை ஒவ்வோர் அடியையும் தன் பேரேட்டில் பதிந்துகொள்கிறது. போர்மனின் குத்தைத் தாங்கிய அலிக்கு 1984இல் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அடிகளே அதற்குக் காரணம் என்று முற்றாக முடிவு கட்ட இயலாதாயினும், அவ்வளவு அடியை வாங்கும்படி எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

அத்தாயாரிடம் நாம் உண்மையையே சொன்னோம். பாடசாலைக் குத்துச்சண்டை தொழில்முறைச் சண்டையன்று. சுற்றுக்கள் குறைவு, தலைக்கவசம் உண்டு, சுத்தமாகப் பட்ட குத்துக்களையே நடுவர் நோக்குவர். ஆயினும் தலைக்கவசம் காயத்தைத் தடுக்குமேயன்றி மூளை அதிர்வதை முற்றாகத் தடுக்காது. தலை சுற்றல், வாந்தி, மறதி தோன்றினால் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை கையுறையைத் தொடலாகாது. இதனை மறைக்கும் வீரன் துணிந்தவனல்லன், ஏமாந்தவன்.

மறுநாட் காலை அம்மாணவர் பேருந்து நிறுத்தம்வரை நம் பையைச் சுமந்து வந்தார். "அப்படியானால், சேர், நான் எதைப் பழக வேண்டும்?" என்றார். "குத்துவதை விட, குத்துப் படாமல் விலகுவதை முதலில் பழகுங்கள்" என்றோம். முகம் சிறிது வாடிற்று. விலகியவர்களின் பெயரில் நொக் அவுட் கணக்கு எழுதப்படுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அம்மா அன்றிரவு நிம்மதியாக உறங்குவார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பேருந்து புறப்படுமுன் சிரித்துத் தலையசைத்தார்.