லயன் முத்திரை

சித்திர வகுப்பில் ஒரு மாணவி தேயிலைப் பெட்டி ஒன்றுக்கு முகப்பு வரைந்திருந்தாள். பொன்னிறக் கரை, பச்சை மலை, நடுவே சிவப்புச் சேலையில் கூடை சுமந்த பெண். "உன் அம்மா மலைக்குச் சிவப்புச் சேலையிலா போகிறார்?" என்று கேட்டேன். "இல்ல சேர், பழைய சட்டையும் இரட்டுப் படங்குந்தான். ஆனா பெட்டியில அது அழகா இருக்காது" என்றாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு விற்பனைச் சாத்திரம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது!

நிற உளவியல் என்று அச்சாத்திரத்துக்குப் பெயர். சிவப்பு பசியைத் தூண்டும், மஞ்சள் மகிழ்ச்சி தரும், பச்சை அமைதி ஊட்டும், பொன்னிறம் செல்வச் சிறப்பைக் காட்டும் என்று விளம்பர வித்தகர்கள் வாய்பாடு ஒப்புவிக்கின்றனர். நிறம் மனத்தை அசைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆற்றல் நிறத்தோடு உடன் பிறந்தது என்பது கட்டுக்கதை. ஐரோப்பிய மணமகளுக்கு மங்கலமான வெள்ளை நம் கைம்பெண்ணின் மேல் அமங்கலமாகச் சுமத்தப்பட்டது. நமக்குத் தாலிக் கயிற்றின் நிறமான மஞ்சள் ஆங்கிலேயன் பேச்சில் கோழையின் நிறம். நிறத்துக்குப் பொருள் தருவது சமுதாயம். சமுதாயத்தில் எவன் கை ஓங்கியிருக்கிறதோ அவன் தந்த பொருளே செலாவணியாகிறது.

தோமஸ் லிப்டன் இதை உளவியல் படிக்காமலே அறிந்தவன். 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினான். மஞ்சள் உறையும் அதன்மேல் சிவப்பில் தன் பெயருமாக உலகச் சந்தையைப் பிடித்தான். இந்தியாவில் புரூக் பாண்ட் கம்பனிக்குச் சிவப்பு லேபல் வாய்த்தது. எழுத்தறியாதவனும் நிறத்தைச் சொல்லிக் கடையில் கேட்கலாம் அல்லவா? தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு நேரே வருவதாக லிப்டனின் விளம்பரம் முழங்கியது. அந்த 'நேரே' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கொழுந்து கிள்ளியவள், கூடை சுமந்தவள், தொழிற்சாலையில் இரவு விழித்தவன் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் கரைந்துபோயினர். விளம்பரப் படங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் இருந்தாள் என்பது உண்மை. மலையும் மரமும் எப்படி இருந்தனவோ அப்படி இருந்தாள்.

இன்று நம் தேயிலைக்குச் சிங்க இலச்சினை உண்டு. அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுவதும் இந்நாட்டில் விளைந்து, இங்கேயே பொதி செய்யப்பட்டு, சபையின் தர விதிகளுக்கு உட்பட்ட தேயிலைதான் அதைத் தாங்கலாம். கலப்படக்காரனைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு, குறை கூறேன். ஆனால் ஆங்கிலத்தில் சிங்கம் 'லயன்'. அட்டனிலோ டிக்கோயாவிலோ ஒரு குழந்தையிடம் லயன் என்றால் என்னவென்று கேளுங்கள். காட்டு விலங்கை அது சொல்லாது. வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பராக்களைக் காட்டும். பெட்டியின்மேல் உள்ள லயனுக்குத் தர விதி உண்டு, பரிசோதனை உண்டு, விதி மீறினால் உரிமை பறிபோகும். பெட்டியை நிரப்பியவள் படுத்துறங்கும் லயனுக்கு அப்படி ஒரு சபை வாய்க்கவில்லை.

அந்த வாளேந்திய சிங்கம் தேசியக் கொடியின் சிங்கத்துக்கு உறவு. கொடிக்கும் ஒரு நிறக் கதை உண்டு. 1951இல் சிங்கத்துக்குப் பக்கத்தில் தமிழருக்கென ஒரு செம்மஞ்சள் பட்டையும் முஸ்லிம்களுக்கென ஒரு பச்சைப் பட்டையும் சேர்க்கப்பட்டன. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் வர 2003 ஆயிற்று. அந்தச் செம்மஞ்சள் பட்டையில் எந்த இழை இவர்களுடையது?

உண்மையான நிற அறிவு தேயிலைத் தொழிலில் வேறிடத்தில் இருக்கிறது. இளம்பச்சைக் கொழுந்துக்கும் கரும்பச்சை முற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை நடக்கும் வேகத்திலேயே கண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறாளே, அவள் கண்ணில் இருக்கிறது. அரைத்த இலை பச்சை மாறிச் செப்பு நிறம் கொள்ளும்போது, இனிச் சூடேற்ற வேண்டும் என்று தீர்மானிக்கிறானே, அந்தத் தொழிலாளியின் அனுபவத்தில் இருக்கிறது. அவர்கள் பிழைத்தால் எந்தப் பொன்னிறக் கரையும் தேயிலையைக் காப்பாற்றாது. பச்சை அமைதி தரும் என்கிறான் விளம்பரக்காரன். அட்டை கடிக்கும் சரிவில், மழையில், இன்னும் எத்தனை கிலோ குறைகிறது என்று கணக்கிட்டபடி அந்தப் பச்சையைப் பார்ப்பவளிடம் அவன் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

அவளுடைய நாட்கூலி ஆயிரம் ரூபாவைத் தொட 2021ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. போராடிப் போராடி 2024இல்தான் அது 1350 ஆயிற்று. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களோடு மாலையில் அவள் தராசின் முன் நிற்கிறாள். ஈரத்துக்கென்று சில கிலோ, சாக்குக்கென்று சில கிலோ கழித்துத்தான் அங்கே கணக்கு எழுதப்படுகிறது.